கேட்டு வாங்கிய குழி

ஆய்வுக்கூடத்து ஸ்டாண்டில் இறங்கும்போதே பங்களாத் தெருவிலிருந்து வந்த ரத்தச் சோதனைக் குழாய்க்கு முகம் சுண்டிப்போனது. பக்கத்துக் குழியில் லாரிப்பேட்டையிலிருந்து வந்த சோதனைக் குழாய் நின்றது. இரண்டு ரத்தத்திலும் எச்.ஐ.வி. இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான்.

"அண்ணே, எனக்கு இது ஏதோ போதாத நேரம். அதுக்கு அப்படியா? நடுவுல ஒரு குழியையாவது காலியா விடுங்க" என்று ஸ்டாண்டிடம் சொன்னது பங்களாத் தெரு.

வம்பு எதற்கென்று ஸ்டாண்டும் இடம் விட்டது.

இயந்திரம் இரண்டு கிருமிகளின் மரபணுவையும் எழுத்தெழுத்தாகப் படித்தது. "ரெண்டும் ஒரே குடும்பம். கிட்டத்தட்ட ஒரே அச்சு" என்றது.

பங்களாத் தெரு, "அப்போ இவன்தான் எனக்கு..." என்று இழுத்தது.

"யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா கிருமி உருமாறக்கூட நேரமில்லாம ஆள் விட்டு ஆள் வேகமா ஓடியிருக்கு, இன்னும் ஓடிட்டிருக்கும். இருக்கிற சின்ன வித்தியாசத்தைப் பார்த்தா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னொருத்தர் இருக்கணும். அவங்க ரத்தம் இன்னும் இங்க சோதனைக்கே வரலை."

லாரிப்பேட்டை அப்போதுதான் வாய் திறந்தது. "ஐயோ, அவங்களுக்கு இது தெரியாதுல்ல?"

பங்களாத் தெரு மெல்லத் திரும்பி, தான் கேட்டு வாங்கிய காலிக் குழியைப் பார்த்தது. அதற்கப்புறம் அதிலிருந்து கண்ணை எடுக்கவே முடியவில்லை.