பரிசு வாங்கிய அத்தியாயம்

துணியில் சுற்றிய எதையோ இடுக்கிக்கொண்டு ஆட்டுக்காரர் எழுத்தாளர் வீட்டுப் படியேறியபோது, எங்கள் தெருவில் ஒருவருக்கும் கைவேலை ஓடவில்லை. வெட்டுவாரா, குத்துவாரா என்பதில்தான் கருத்து வேறுபாடு. எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வீட்டு ஜன்னலோரமாகப் போய் நின்றோம்.

கோபம் வராமல் இருக்குமா? எழுத்தாளரின் நாவலுக்குப் பெரிய பரிசு கிடைத்து, எங்கள் தெருவே அச்சேறிவிட்டது. ஒரு முழ வேலித் தகராறில் இருபத்திரண்டு வருஷம் பேசாமல் இருந்த இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் கதை. ஒருவர் எழுத்தாளரின் அப்பா, இன்னொருவர் இந்த ஆட்டுக்காரர்.

நாவலில் ஆட்டுக்காரரின் பெயரை மாற்றியிருந்தார், இருமலை மாற்றவில்லை. இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல். அதைக் கேட்டுத்தான் ஆடுகளே எழுந்து நிற்கும். சின்ன வயதில் எழுத்தாளர் அதேபோல இருமி ஆடுகளை ஏமாற்றி, அப்பாவிடம் அறை வாங்கியது ஊரறிந்த விஷயம்.

ஆட்டுக்காரர் அன்று சலவைச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையை அதற்கு முன் நாங்கள் பார்த்தது ஒரே தடவை. மூன்று வருஷத்துக்கு முன்பு, எழுத்தாளரின் அப்பா இழுத்துக்கொண்டு கிடந்த கடைசி வாரத்தில், ஒரு மத்தியானம். ஓர் ஆடுகூட இல்லாமல் தனியாக வந்தார். "என்ன மாப்பிள்ளை, பொண்ணு பார்க்கவா?" என்று எங்கள் தெருத் தையல்காரர் கேட்க, நாங்களும் சிரித்து வைத்தோம்.

இப்போது உள்ளே துணியைப் பிரித்தார். புத்தகம்! எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"மருமக படிச்சுக் காட்டினாடா. வேலியை நகர்த்தினேன்னு எழுதியிருக்கே. நிஜம்தான். ஆட்டை விட்டு உங்க கீரைப் பாத்தியை அழிச்சேன்னு எழுதியிருக்கே. அதுவும் நிஜம்தான், போ."

"அப்புறம் என்ன பெரியப்பா?"

"உங்கப்பன் சாகக் கிடக்கையில நான் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டேன்னு எழுதியிருக்கியே, எப்படா வந்தேன்? அந்த அத்தியாயத்துக்குத்தான் பரிசாமே! பார்க்கிறவன் எல்லாம் கும்பிடுறான். செய்யாததுக்குக் கும்பிடு வாங்கினா சோறு இறங்குமா? கிழிச்சுப் போடு அதை."

எழுத்தாளர் தலையைக் குனிந்துகொண்டார். பரிசு வாங்கிய முகமாகவே இல்லை.

"நீங்க வந்ததாத்தான் அப்பா நினைச்சுட்டுப் போனார், பெரியப்பா."

"வராதவனை எப்படிடா வந்ததா நினைப்பான்?"

"அவருக்குக் கண்ணு தெரியாம போயிடுச்சு. மூணு நாளா 'அவன் வந்தானா, அவன் வந்தானா'ன்னு அதே பேச்சு. உங்களை வந்து கூப்பிட எனக்கு வீம்பு. கடைசியில பொறுக்க முடியாம, சாகிறதுக்கு முந்தின நாள் மத்தியானம் பக்கத்துல உட்கார்ந்து உங்களை மாதிரி இருமினேன். 'வந்துட்டியா'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் கேட்கவே இல்ல."

ஆட்டுக்காரர் புத்தகத்தை மறுபடி துணியில் சுற்றினார். வாழ்நாளெல்லாம் கயிறு முடிந்த கைக்கு, அந்த முடிச்சு மட்டும் விழவில்லை. தையல்காரர் எங்கள் பக்கம் திரும்பாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நிம்மதியாத்தான் போயிருக்கான். கிழிக்க வேணாம், இருக்கட்டும்."

வாசல்வரை போனவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு மத்தியானம் இந்த இடம் வரைக்கும் வந்தேன்டா. உள்ளே யாரோ இருமினாங்க... ஆள் இருக்குன்னு திரும்பிட்டேன்."