மூடியின் உள்பக்கம்

சபை ஒழுங்கைக் கவனிக்கும் டீக்கன் ஜோனாஸ் கொல்லைப்பக்கமாக வந்துகொண்டிருந்தார். குதிரை வண்டி இல்லை. அறுவடை முடிந்த சோளக்காட்டில், யார் கண்ணிலும் படக்கூடாது என்பதுபோல் வேலியை ஒட்டியே நடந்து வந்தார். தச்சுப் பட்டறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்த மென்னோ, பாலிஷ் துணியைக் கீழே வைத்தார்.

போன வருஷமும் ஒருநாள் இப்படித்தான் வந்தார். வைக்கோலுக்குள் டெலிபோன் ஒளித்து வைத்திருந்த ரூபன், அடுத்த ஞாயிறே டெலிபோனும் காரும் ஆடம்பரமும் ஆகாத ஆமிஷ் சபை மொத்தமும் பார்க்க முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டான்.

மென்னோ தன் கைகளைப் பார்த்தார். மூன்று நாள் முன்பு பூசிய கறுப்புச் சாயம் விரலிடுக்கில் அப்படியே இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகிற ஜாதி இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மகள் லொவீனாவுக்காகச் செய்த பெட்டி ஆவென்று திறந்து கிடந்தது. மூடியின் உள்பக்கத்தில் பாலிஷ் ஈரம். இப்போது மூடினால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

வெளியே பார்த்தால் சாதாரணப் பெட்டி, சபைக்குப் பிடித்த மொட்டை நீலம். வினையெல்லாம் உள்ளேதான். எப்போதாவது ஒரு மேப்பிள் மரத்தில் புலிவரி விழும். கறுப்புச் சாயம் தடவி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தால், கறுப்பு அந்த வரிகளில் மட்டும் தங்கும். அதன்மேல் தேன் நிறச் சாயம், அப்புறம் பாலிஷ். தலையைக் கொஞ்சம் அசைத்தால் போதும், வரியெல்லாம் உயிருள்ளதுபோல் நெளியும்.

கார் ஓட்டி வரும் வெளியாட்களின் மேஜைக்கு இதைச் செய்தால் பிழைப்பு. சொந்த வீட்டுக்குச் செய்தால் ஆடம்பரம். இது மென்னோவுக்குத் தெரியாதா என்ன? ஏப்ரலில் அப்படி ஒரு பலகை கைக்கு வந்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு மனைவி வெர்னா நாலு பாத்தி செலரிக் கீரை நட்டபோதுகூட, "எதுக்கு இத்தனை?" என்று கேட்டுவிட்டு, "ஊறுகாய்க்கு" என்று அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் பட்டறைக்குத் திரும்பிவிட்டார்.

கதவு திறந்தது.

"மென்னோ, தனியாத்தான இருக்க? நான் எதுக்கு வந்தேன்னா..."

"தெரியும் ஜோனாஸ். நீங்க சொல்லவே வேணாம்."

ஜோனாஸ் தொப்பியைக் கழற்றினார். "தெரியுமா? அப்ப வெர்னா சொல்லிட்டாளா?"

மென்னோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வெர்னாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாம இருக்குமா? வசந்தத்துலேருந்தே தெரியுமே."

ஆக, காட்டிக்கொடுத்தது சொந்தப் பெண்டாட்டி. அவள்மேல் கோபம் வரவில்லை. ஆறு மாதமாக ஒரே மேஜையில் ரொட்டி பிட்டுக்கொண்டு, இவர் வாயிலிருந்தே உண்மை வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். அதை நினைக்க நினைக்க மென்னோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் பெட்டிக்கு முன்னால் இருந்து விலகி நின்றார்.

"பாத்துக்குங்க. யாரும் செய்யச் சொல்லல. நானேதான் செஞ்சேன். வெளிய நீலம் அடிச்சு மறைச்சேன்."

ஜோனாஸ் பெட்டியைப் பார்த்தார். தாடியை நீவிக்கொண்டார். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அதற்கு மென்னோ அர்த்தம் செய்துகொண்டார்.

"ஜெபத்துல கண்ண மூடினா இந்த வரிதான் வருது. போன மாசம், யாருக்காவது மனசுல குறை இருக்கான்னு சபையில கேட்டப்ப, இல்லைன்னு தலையாட்டினேன். அந்தப் பொய்யோடதான் திருவிருந்து அப்பமும் வாங்கினேன்."

ஜோனாஸ் இடப்பக்கம் ஓரடி நகர்ந்தார். பிறகு வலப்பக்கம்.

"இது அசையுதே."

"அசையும். குனிஞ்சு பாருங்க, இன்னும் நல்லாத் தெரியும்." சொல்லிவிட்டு மென்னோ நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவ அறிக்கை செய்கிற லட்சணம் இதுதான்.

டீக்கன் நிஜமாகவே குனிந்து பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை முட்டி போட்டுடறேன் ஜோனாஸ்." மென்னோ சாயம் படிந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. லொவீனாவ அன்னிக்கு அவ அத்தை வீட்டுக்கு அனுப்பிடறேன். அப்பன் தலைகுனிஞ்சு நிக்கறத அவ பாக்க வேணாம். அவளுக்குன்னு ஆசையாச் செஞ்சது, அவளுக்கே அவமானமாயிடக் கூடாது."

ஜோனாஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வெர்னா செலரித் தண்டுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூடையோடு நின்ற லொவீனா, பட்டறையைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தாள்.

"செலரி ஜோரா வந்திருக்கு. நானூறு பேர் சாப்பிடலாம்."

"ஊறுகாய்க்காம்," என்றார் மென்னோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

டீக்கனின் தாடி லேசாக ஆடியது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, பிறகு என்ன நினைத்தாரோ, மரியாதையாகத் திரும்பக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"காஞ்சதும் மூடிடு மென்னோ. அந்தச் செலரி ஊறுகாய்க்கு இல்ல, கல்யாண விருந்துக்கு. நம்ம வழக்கப்படி, ஒரு பையனுக்காக ரகசியமாப் பொண்ணு கேக்க வந்தேன்."