முதல் டிஜிட்டல் படம்

காலி வீதிப் பஸ்களின் இரைச்சலில் வெள்ளவத்தைக் கமெராக் கடையின் கண்ணாடி அதிர்கிறது. இருபத்தைந்து வருடமாகக் கொட்டாஞ்சேனைக் கல்யாணங்களைப் பிலிமில் எடுத்த எவ்லின், தன் பழைய லென்ஸை ஒரு டிஜிட்டல் எஸ்எல்ஆர் கமெராவில் பொருத்தி, எதிரே நிற்கும் கணவர் ஒஸ்வால்டைப் பார்த்து ஃபோகஸ் வளையத்தைத் திருகுகிறாள். அழுத்தியதுமே பின்திரையில் படம் வந்துவிடுகிறது. அவருக்குப் பின்னாலிருக்கும் கலண்டரின் இலக்கங்கள் துல்லியமாகத் தெரிகின்றன. அவர் முகம் மட்டும் மங்கலாகக் கிடக்கிறது. இன்னொன்று எடுக்கிறாள். அதுவும் அப்படியே. திரையைக் கட்டைவிரலால் மறைக்கிறாள். ஒஸ்வால்ட் கிட்ட வந்து அந்த விரலை மெதுவாக விலக்கிப் பார்க்கிறார். மேசைக்கு அப்பால் நிற்கும் கடைப்பெண் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைக்கிறாள். “எப்ப தொடக்கம் கண் இப்பிடி?” என்று ஒஸ்வால்ட் கேட்கிறார். “போன நத்தார்ப் பண்டிகைக்கு முதலே. பிலிம் கழுவி வந்த பிறகு நல்லதை மட்டும் அல்பத்தில வச்சனான்.” “எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்.” எவ்லின் பழைய லென்ஸைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். “தங்கச்சி, தானா ஃபோகஸ் பண்ணுற லென்ஸ் ஒண்டு தாங்கோ.” ஒஸ்வால்ட் திரும்பவும் போய் அதே இடத்தில் நிற்கிறார். புது லென்ஸில் இம்முறை முகம் தெளிவாக விழுகிறது. அவர் கண்கள் நனைந்திருப்பதைத் திரையில்தான் எவ்லின் காண்கிறாள்.