சுடுதண்ணி மாப்பிள்ளை

'இந்தப் பையனுக்கு என் மகளைக் கொடுப்பதில்லை' என்று நான் தீர்மானித்தபோது, என் இடுப்பில் ஒரு துண்டும் முதுகில் பாதி சோப்பும் இருந்தன. கம்பீரமான முடிவுகளை எடுப்பதற்கு இதைவிட நல்ல தோற்றம் எனக்கு அமைந்ததில்லை.

சுடுதண்ணீர்க் குழாயை முழுக்கத் திருகியும் ஒரு சொட்டு வரவில்லை. பச்சைத்தண்ணீர் பட்டால் எனக்கு இருமல் வரும். பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் வெந்நீருக்கு அழுகிற ஒரே மனிதன் திருச்செல்வம்தான் என்று என் மனைவி புஷ்பவல்லி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"தண்ணி ஆபீஸ்ல, ஜபாத்தான் ஆயர்ல, காலம் பூரா வேலை பார்த்த மனுஷன்! அவருக்கே குளிக்கத் தண்ணி இல்லையாம்லா!" கதவுக்கு வெளியே அவள் சிரித்தாள்.

"சிரி, சிரி. எல்லாம் நீ தலையில தூக்கி வெச்சிருக்கிற மாப்பிள்ளையோட வேலைதான்."

விமலனைத்தான் சொன்னேன். கிள்ளான் பையன், இஞ்சினியர். எங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு தொங்கிய பழைய ஹீட்டர்களைக் கழற்றிவிட்டு, மொட்டை மாடியில் ஹீட் பம்ப் வைத்து, அங்கிருந்தே எல்லா வீட்டுக்கும் சுடுதண்ணீர் விட்டவன். 'காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும், கரண்டு மிச்சம்' என்று கூட்டத்தில் அவன் தமிழில் விளக்கினான். குடியிருப்போர் சங்கச் சேர்மன் என்ற முறையில் நான் அதையே ஆங்கிலத்தில் இன்னொரு தடவை விளக்கினேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். யாரும் கேட்காவிட்டாலும் வரும்.

அவன் பைப்பு வேலையை முடிப்பதற்குள், அவனும் என் மகள் வாணியும் கல்யாணப் பேச்சை முடித்திருந்தார்கள். என் சம்மதம் ஒன்றுதான் பாக்கி.

வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டு லோகேஸ்வரி, தலையில் ஷாம்பு நுரையோடு நின்றாள்.

"சேர்மன் அண்ணே, நல்லா இருந்த ஹீட்டர கழட்டச் சொன்னது யாரு?"

"நான்தான்மா."

"ஷாம்பு கண்ணுல இறங்குது. யாருன்னு தெரியல. அதான் கேட்டேன்!"

சட்டையைப் போட்டுக்கொண்டு விமலனுக்குப் போன் அடித்தேன். கிள்ளான் பக்கம் மேருவில் வேறொரு வேலையில் இருந்தான்.

"அங்கிள், மேல யாராச்சும் தண்ணி வால்வ மூடிட்டாங்களா?"

"சாவி என்கிட்டதான் இருக்கு தம்பி. தண்ணி வால்வுல ஒருத்தரும் கை வைக்கல. நேத்து ராத்திரி நானே மேல போய் பார்த்தேன். உன் மிஷின் ஐஸ் மாதிரி காத்து ஊதுது. சுடுதண்ணி கேட்டா ஏர்கோன் மாட்டிட்டுப் போயிட்டியே!"

"அது அப்படித்தான் ஊதும் அங்கிள். காத்துல உள்ள சூட்ட எடுத்துட்டா..."

"எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? இங்க பாரு. நீ வா. தப்பு உன் வேலையில இல்லன்னு காட்டு, வாணிய கட்டிக்க. தப்பு உன்னோடதுன்னா, அப்படியே கிள்ளானுக்கு ரயில் ஏறிடு."

வாணி அறையிலிருந்து வெளியே வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"பிராமிஸாப்பா?"

"ஜென்டில்மேன் வார்த்தை," என்றேன், நழுவிய துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

விமலன் போட்ட வேலையைப் போட்டபடி ஓடி வந்தான். மூவரும் மொட்டை மாடிக்குப் போனோம். காய்ந்த சோப்பு என் முதுகை அரித்தது. மிஷின் என் முகத்தில் குளிர்காற்றை ஊதியது. 'பார்த்தாயா' என்பதுபோல் மகளைப் பார்த்தேன். அவள் விமலனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குழாய்களைத் தொட்டுத் தொட்டு நடந்தான். தொட்டிப் பக்கம் ஒரு மஞ்சள் பிடியருகே நின்றுவிட்டான்.

"இத மூடினது யாரு?"

"நான்தான்," என்றேன் பெருமையாக. "குளிர்காத்து உள்ள போனா தண்ணி ஆறிடும்லா. அதான் நேத்து ராத்திரி நானே மூடினேன். 'ஏர்'னு இங்கிலீஷ்ல கொட்டை எழுத்துல எழுதியிருக்கே, கண்ணு தெரியல? ஏ, ஐ, ஆர்!"

குழாயைச் சுற்றியிருந்த வெள்ளை உறை கொஞ்சம் சரிந்து அந்த எழுத்து வரைக்கும் ஏறியிருந்தது. விமலன் அதை மெல்லப் பின்னால் இழுத்தான். பக்கத்தில் ஒளிந்திருந்த இன்னொரு வார்த்தை எட்டிப் பார்த்தது. 'பனாஸ்'. சூடு.

வாணி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பிடியைத் திருப்பினான். குழாய்க்குள் திபுதிபுவென்று சத்தம் இறங்கி ஓடியது.

என் போன் அடித்தது. "என்னங்க, சுடுதண்ணி கொட்டுது! வந்து முதுக கழுவுங்க!" என்றாள் புஷ்பவல்லி.

எனக்கு இருமல் வந்தது. ஒரு சொட்டு பச்சைத்தண்ணீர்கூட மேலே படாமலே வந்தது.

விமலன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"அது இங்கிலீஷ் 'ஏர்' இல்ல, மாமா. மலாய்ல அதே எழுத்துதான் தண்ணி, 'ஆயர்'."