வேலியோரச் சாமந்தி

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள் பானு.

காக்களூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து வண்டியை நிறுத்திய முனிகிருஷ்ணன் கண்ணிலா அது பட வேண்டும்? பானு அவருடைய தம்பி மனைவி. பக்கத்து வீடு. வேலி வழியாகக் கையை நீட்டி, அவர் மனைவி செங்கம்மாள் வளர்க்கும் மஞ்சள் சாமந்தியில் ஒரு கன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பானு, ரெண்டு வருஷமா எங்களோட பேச மாட்ட. செடிய மட்டும் திருடுவியா?"

பானுவின் முகம் சுண்டிப்போனது. கன்றை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெரிய வீரர் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தவருக்குக் காபி வரவில்லை.

"யோவ், காரியத்தையே கெடுத்துட்டியே!" என்று பாய்ந்தாள் செங்கம்மாள்.

"திருட்டப் பிடிச்சது தப்பா?"

"எதுய்யா திருட்டு? தாய்ச்செடியப் பிரிச்சி, நல்லா வேர் விட்ட கன்னா பாத்து நான்தான் வேலியோரமா நட்டு வெக்கிறேன். அவ கைக்கு எட்டட்டும்னு."

"கூப்ட்டுக் குடுக்கறதுதானே?"

"ரெண்டு வருஷம் முன்ன ஊடு பாகம் பிரிக்கசொல்ல நான் பேசின பேச்சுக்கு, என் கையால குடுத்தா வாங்குவாளா? ரோஷக்காரி. இனிமே இந்தப் பக்கம் தல வெச்சிகூட படுக்க மாட்டா."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முனிகிருஷ்ணனுக்குத் தூக்கம் போயே போச்சு. நேராக வேலிக்குப் போனார். அந்தப் பக்கம் பானுவின் ஊதா சாமந்தி. கையை விட்டு ஒன்றை இழுத்தார். பாழாய்ப்போன வேர் மண்ணிலேயே நின்றுகொண்டது, தண்டு மட்டும் கையோடு வந்தது.

"மாமா!"

வாசலில் பானு.

"நீ ஒண்ணு எடுத்த, நான் ஒண்ணு எடுத்தேன். சரியாப் பூடுச்சி" என்று அசடு வழிந்தார். "இனிமே நீ பாட்டுக்கு வந்து எடுத்துக்கம்மா. உங்க அக்காதான் உனக்குன்னு வேரோட பிரிச்சி வெச்சிக்கினு இருக்குது."

பானுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அது தெரியாமலா மாமா? கன்னுக்கா நான் வந்தேன்? இப்பவாச்சும் அக்கா வெளிய வந்து என்னை ரெண்டு வார்த்த திட்டும்னுதான் தெனம் வந்தேன். நடுவுல நீங்க பூந்து திட்டிட்டீங்க!"