தனியாவா கீறீங்க?

“வூட்ல தனியாவா கீறீங்க?”

கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாகப் பார்த்தாள் சசிகலா. முன்பின் தெரியாத ஆள். கையில் ஒரு மஞ்சள் பை.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். படப்பையில் மனை போட்டுக் கல் நட்டிருந்தார்களே தவிர, வீடு என்று எழும்பி நின்றவை ஐந்தாறுதான். கத்தினாலும் ஒருத்தர் காதிலும் விழாது. போன வாரம்தான் பின் தெருவில் தண்ணீர் கேட்டு வந்தவன் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியிருந்தான்.

“எவன் கேட்டாலும் தனியா கீறேன்னு மட்டும் சொல்லிடாத. நான் உள்ள தூங்கறேன்னு சொல்லு.” கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்திலும் இதைச் சொல்லாமல் புருஷன் சுபாஷ் படி இறங்கியதில்லை. தினம் இதே பாட்டா என்று அவளும் அலுத்துக்கொள்வாள்.

“இன்னா வோணும்?”

“நீங்க... சசிகலாதானே?”

பேரைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறானே, பாவி!

“கூட யாருனா கீறாங்களாம்மா? மாமியாரு, நாத்தனாரு...”

“ஏன் இல்லாம? எங்க வூட்டுக்காரரு உள்ள தூங்கினுகீறாரு. நைட் ஷிப்ட்டு. எழுப்பட்டா?” கேட்டுவிட்டு, காலி அறையைப் பார்த்து, “ஏங்க! யாரோ வந்துகீறாங்க பாருங்க!” என்று குரல் கொடுத்தாள்.

வந்தவன் முகம் மாறியது. பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பைக்குள்ளே ‘ணங்’கென்று ஏதோ இடித்தது. கத்தியோ, கடப்பாரையோ!

“வேணாம்மா... எழுப்பாதீங்க.” விறுவிறுவென்று தெருப்பக்கம் நடந்துவிட்டான்.

சசிகலா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். மணி பதினொன்று. பஸ் வர சாயங்காலம் ஆகும். சுபாஷ் வந்ததும் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும், நீ சொல்லிக் கொடுத்த பொய்தான் என்னைக் காப்பாற்றியது என்று.

கால் மணி நேரம் போயிருக்கும். வாசலில் செருப்புச் சத்தம். ஒருத்தர் இல்லை, மூன்று நாலு பேர். ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டான்! அரிவாள்மனையை இறுக்கிப் பிடித்தாள்.

“சசி, கதவத் தொறடி... நான்தான், சரோஜாக்கா.”

பின் தெரு சரோஜாவேதான். தாழ்ப்பாளை நீக்கினாள். சரோஜா அரிவாள்மனையைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பின்னால் அந்த ஆள் தலைகுனிந்து நின்றான்.

“கம்பெனில சுபாஷ் அண்ணன் லைன்லதாம்மா நானும் வேல செய்யறேன். காலைல அடிபட்டு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே... நீங்க தனியா கீறப்போ எப்டி சொல்றதுன்னுதான்...”

பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினான். மூடியில் ‘சசிகலா’ என்று பேர் வெட்டிய, கல்யாணச் சீராக வந்த பாக்ஸ். காலையில் அவள் அழுத்திக் கட்டிக்கொடுத்த சோறு அப்படியே இருந்தது.