ஹெப்வொர்த் போடாத கையெழுத்து

"அந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது, நெவில்" என்றாள் பக்கத்து வீட்டு டோரின்.

க்ளைவ் ஹெப்வொர்த்தை அப்படிச் சொல்ல எங்கள் ஊர் வெய்ன்பியில் அதுவரை யாருக்கும் வாய் வந்ததில்லை. இருபத்தாறு வருஷம் போலீஸில் நாய் வைத்து வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. அவருடைய நாய் மோஸுக்கு வயது ஆறுதான். விதிப்படி அவர் வீட்டுக்குப் போகலாம். நாய் மட்டும் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும்.

ஐந்து வருஷமாக அவர் வீட்டிலேயே தின்று, தூங்கிய நாய். விடுவோமா?

நாயை அவரிடமே விடச் சொல்லிக் கையெழுத்து வாங்க, நானும் டோரினும் சூப்பர் மார்க்கெட் வாசலில் மேசை போட்டோம். மழையிலும் நின்றோம். ஏழு வாரத்தில் பதினோராயிரம் கையெழுத்து. மோஸிடம் முழங்கையில் கடி வாங்கிய திருடன்கூட வந்து போட்டான்.

"கடிச்சாலும் மரியாதையா கடிச்சான், சார். 'விடு'ன்னு அவர் சொன்னதும் விட்டுட்டான்."

எனக்கு என் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், நினைவு தப்பிப்போன என் அப்பா வீட்டுச் செருப்போடு சதுப்பு நிலத்துக்குள் நடந்து போய்விட்டார். நாற்பது பேர் காலையிலிருந்து தேடினோம். மதியம் மோஸ் வந்தான். அப்பாவின் தொப்பியை முகர்ந்தான். தலையைத் தாழ்த்திக்கொண்டு போனான். அப்பா உயிரோடு கிடைத்தார்.

போலீஸ் மேலிடம் கடைசியில் இறங்கி வந்தது. ஒரே நிபந்தனை. நாய் தனக்கு வேண்டும் என்று ஹெப்வொர்த்தே ஒரு தாளில் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தர வேண்டும்.

அவர் போடவில்லை.

டோரின் இரண்டு முறை போனாள். முதல் முறை, "பார்க்கலாம்" என்றாராம். இரண்டாம் முறை கதவே திறக்கவில்லை.

"வேலிக்கு மேல எட்டிப் பார்த்தேன்ப்பா. மோஸ் அவர் காலடியில உட்கார்ந்து மூஞ்சியவே பார்க்குது. இந்த மனுஷன் தடவிக்கூடக் கொடுக்கல. ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார். கல்லு!"

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நானே தாளோடு போனேன். கோபம்தான். அதற்கு அடியில், பதினோராயிரம் கையெழுத்தும் வீணாகிவிடுமே என்ற கவலையும் இருந்தது.

கதவைத் திறந்தார். சமையலறைக்கு அழைத்துப் போய்க் கெட்டிலைப் போட்டார். தாளை மேசையில் வைத்தேன்.

"ஒரு கையெழுத்து, க்ளைவ். அவன் மேல உங்களுக்குப் பாசமே இல்லையா?"

அவர் திரும்பாமலே கேட்டார். "உங்க அப்பாவை எத்தனை நிமிஷத்துல கண்டுபிடிச்சான்?"

"நாற்பது."

"இந்த மாவட்டத்துல மோப்பம் பிடிச்சு ஆளைத் தேடற நாய் இப்ப இவன் ஒருத்தன்தான். அடுத்தது தயாராக இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும். அதுக்குள்ள வேற யாரோட அப்பாவாவது காணாமப் போனா? பதினோராயிரம் பேரும் போய் முகர்ந்து பார்ப்பீங்களா?"

என் அப்பா கிடைத்துவிட்டார். ஆகவே அந்த நாயின் வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

"அவனுக்கும் சும்மா இருக்கத் தெரியாது. நான் லீவு போட்டா வேன் சக்கரத்துகிட்டயே படுத்துக் கிடப்பான்" என்றார். "இப்பப் போய்க் கொஞ்சினா, நாளைக்கு ஏங்கிப் போயிடுவான்."

வெளியே வேன் வந்து நின்றது. ஹேஸல். மோஸை இனிமேல் நடத்தப்போகும் இளம் கான்ஸ்டபிள்.

ஹெப்வொர்த் கோப்பையைக் கீழே வைத்தார். "ஜன்னல்கிட்ட போய் நீங்க பாருங்க, நெவில். என்னைப் பார்த்தான்னா, என் குரலைக் கேட்டான்னா, அவகூடப் போக மாட்டான்."

பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் பார்த்தேன். கொல்லைப்புறத்தில் கூண்டு திறந்ததும் மோஸ் வெளியே வந்து நின்றான். ஹேஸலைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவையே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் கூப்பிடவில்லை. ஈரப் புல்லில் மண்டியிட்டுக் கையை மட்டும் நீட்டினாள்.

மோஸ் மெல்லத் திரும்பினான். மணிக்கட்டை முகர்ந்தான். அப்புறம் முழங்கை. தோள். திடீரென்று முகத்தை அவள் மார்பில் புதைத்து, உடம்பு முழுக்க ஆடும்படி வாலை ஆட்டினான். அவள் எழுந்து நடந்தாள். கூடவே நடந்து வேனில் ஏறிக்கொண்டான்.

என்ன மாயம் செய்தாள் இவள்?

அப்போதுதான் அவள் உடுப்பைக் கவனித்தேன். சாம்பல் நிற ஸ்வெட்டர். முழங்கால்வரை தொங்கியது. கையை நாலு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். ஆறரை அடி மனுஷருடையது. எங்கள் ஊரில் அந்த உயரத்துக்கு ஒருவர்தான் உண்டு.

"ஏறிட்டானா?" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல், மிகவும் தணிந்து.

"ஏறிட்டான்."

"வாலை ஆட்டினானா?"

"ஆட்டினான், க்ளைவ்."

பிறகு சொன்னார்:

"மூணு வாரம் அதைக் கழட்டாமப் போட்டிருந்தேன். ஒரு மாசத்துக்காவது துவைச்சிட வேண்டாம்னு அவகிட்ட ஓடிப் போய்ச் சொல்லுங்க, நெவில்."